பெட்ரோலில் மழைத் தண்ணீர்

டிரம்மின் தலையில் கை வைக்க முடியவில்லை. அப்படி ஒரு வெயில். காலையிலிருந்து அதைத் திறந்த வெளியில் நிமிர்த்தி நிறுத்தியிருந்தோம். ரப்பர் மர நிழலில் நாற்காலி போட்டு ஓகாவா உட்கார்ந்திருந்தார். எங்கள் எண்ணெய் ஸ்டோருக்குப் பொறுப்பான ஜப்பானிய அதிகாரி. வாள் முழங்கால்களின் மேல் குறுக்கே கிடந்தது.

என் கையில் ஒரு தகரக் குவளை. அதில் நீலத் தண்ணீர். சங்குப் பூவை வெந்நீரில் போட்டுக் கசக்கிப் பிழிந்து, ஆறவைத்து எடுத்துப் போயிருந்தேன்.

“இதை மேலே ஊற்றினால்?” என்று மலாயில் கேட்டார்.

“உள்ளே போகும், துவான்,” என்றேன். துவான் என்றால் ஐயா.

“மூடியை நானே முறுக்கி இறுக்கியிருக்கிறேன்.”

“அப்படியும் போகும், துவான்.”

“போகாவிட்டால்?”

டிரம் உருட்டும் ஆட்கள் ஆறேழு பேர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கும் தெரியும். எங்களில் ஒருவர் மூன்று நாளாக ராணுவப் போலீஸின் அறையில் கிடந்தார். அடுத்த ஆள் நான்தான்.

ஈப்போ வாசகரின் கேள்வி

இந்தக் கதையை எழுதுவதா வேண்டாமா என்று பல நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஈப்போவிலிருந்து வந்த ஒரு கடிதம் அதை முடித்துவைத்தது. விமான நிலைய எண்ணெய்க் கிடங்கில் வேலை பார்த்ததைப் பற்றி இந்தத் தொடரில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “ஜெட் விமானத்துக்கு ஊற்றுவது நம் வீட்டு மண்ணெண்ணெய்தான் என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் சண்டைக் காலத்து விமானங்களுக்கு ஏன் பெட்ரோல்?”

உண்மைதான். ஆனால் கடையில் போத்தலில் வாங்கும் மண்ணெண்ணெயை அப்படியே ஊற்றிவிட முடியாது.

பழைய விமானங்களில் இருந்தது நம் காரில் இருப்பதைப் போன்ற எந்திரம். பொறி தட்டினால் சட்டென்று பற்ற வேண்டும். அதே சமயம் நேரம் வருவதற்கு முன்னால் தானாக வெடித்துவிடவும் கூடாது. அதற்கென்று தனி பெட்ரோல். தரத்துக்கு ஒரு சாயம் கலப்பார்கள். பச்சை, நீலம் என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். மாற்றி ஊற்றினால் ஓட்டுகிறவனுக்குத்தான் ஆபத்து.

ஜெட் எந்திரம் வேறு மாதிரி. அதன் வயிற்றில் அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. அதற்கு மண்ணெண்ணெய் போதும். சுலபத்தில் தீப்பிடிக்காது, நிறமிருக்காது, சில சமயம் வைக்கோல் கழுவிய நீர் மாதிரி லேசான மஞ்சள் இருக்கும். ஆனால் முப்பதாயிரம் அடிக்கு மேலே இருக்கும் குளிரில் அது உறையக் கூடாது. எங்கள் கிடங்குக்கு வந்த வகை பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தேழு டிகிரி வரை தாங்கும். குளிர் நாடுகளில் மண்ணெண்ணெயோடு பெட்ரோல் கலந்த ஒரு வகை உண்டு. எளிதாகப் பற்றும், ஆபத்தும் அதிகம். கப்பலில் ஏற்றும் விமானங்களுக்கு இன்னொன்று. கப்பலுக்குள் நெருப்பு என்றால் ஓட இடம் இல்லையே, அதனால் இன்னும் மெதுவாகப் பற்றும் எண்ணெய்.

பெட்ரோலோ ஜெட் எண்ணெயோ, எல்லாவற்றுக்கும் ஒரே எதிரி தண்ணீர். பெட்ரோலில் விழுந்த தண்ணீர் மளமளவென்று அடியில் போய் உட்கார்ந்துவிடும். மண்ணெண்ணெயில் அவ்வளவு சீக்கிரம் இறங்காது, மூட்டமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வானத்தில் அதுவே பனித்துகளாகி வடிகட்டியை அடைத்துவிடும். இருபத்தாறு வருடம் நான் செய்த வேலை இந்தத் தண்ணீரைத் தேடியதுதான். கிடங்கில் புதிதாக வந்தவர்கள், “எங்கே சார் கற்றுக்கொண்டீர்கள்?” என்று கேட்பார்கள். மலாக்காவில் என்பேன். அதற்கு மேல் சொன்னதில்லை.

பின்னறை

சண்டைக்கு முன்னால் நான் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் கொட்டகையில் இருந்தேன். தொழிலாளர்கள் கொண்டுவரும் ரப்பர் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கண்ணாடி மிதவையைப் போட்டுப் பார்ப்பது வேலை. மிதவை ஆழமாக இறங்கினால் ஒரு கணக்கு, மிதந்தால் ஒரு கணக்கு. இருபத்து நான்கு வயது.

சிவகாமி பிரசவத்துக்காக நாகப்பட்டினம் போயிருந்தாள். அவள் ஏறிய கப்பல்தான் எனக்குத் தெரிந்து கடைசியாகப் போனது. பிறகு ஜப்பான்காரன் வந்தான். தபால் நின்றது. குழந்தை பிறந்ததா, ஆணா பெண்ணா, தாயும் பிள்ளையும் பிழைத்தார்களா, ஒன்றும் தெரியாது. தோட்டத்தில் ஆள் பிடித்து, போனவர் திரும்பாத சயாம் ரயில் வேலைக்கு அனுப்பத் தொடங்கியதும், இரவோடிரவாக மலாக்கா டவுனுக்கு நடந்துவிட்டேன்.

அங்கே காஜா பெராங் பகுதியில் ஒரு செட்டி வீட்டில் பின்னறை கிடைத்தது. மலாக்காச் செட்டிகளை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பல தலைமுறைக்கு முன்னால் வந்து இங்கேயே பெண் எடுத்துத் தங்கியவர்கள். நெற்றியில் திருநீறு, வீட்டில் அம்மன் படம், பெயர் நம் பெயர். பேச்சு மட்டும் மலாய், அதுவும் அவர்களுக்கே உரிய மலாய். நடுவில் எங்கோ ஒரு தமிழ்ச் சொல் தலைகாட்டும்.

வீட்டுக்காரர் ராஜு. நாற்பது வயது இருக்கும். மலாய் வழக்கப்படி நான் அவரை “பாங்” என்று கூப்பிடுவேன், அண்ணன் என்று அர்த்தம். அவர் மனைவி மீனாவை “காக்” என்பேன், அக்கா. அவர்கள் என்னைத் “தம்பி” என்றார்கள். பிள்ளைகள் இல்லாத வீடு. சாயங்காலம் இருவரும் முன்புறம் உட்கார்ந்து வேகமாகப் பேசிச் சிரிப்பார்கள். எனக்குச் சந்தை மலாய்தான் தெரியும், பாதி புரியாது. விளக்கு வைக்கும்போது காக் மீனா முணுமுணுக்கும் மந்திரத்தில் நாலு தமிழ்ச் சொல் வரும். அதைக் கேட்பதற்காகவே கதவருகே போய் நிற்பேன். முடிந்ததும் திரும்பி வந்து படுத்துக்கொள்வேன்.

தமிழில் பேச ஆள் இல்லை. தனியாகப் பேசிப் பார்த்தேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது, விட்டுவிட்டேன்.

(இனி வரும் பேச்செல்லாம் மலாயில் நடந்தது. தமிழில் தருகிறேன்.)

திருடன் என்ற குழாய்

ஓகாவாவின் ஸ்டோர் புக்கிட் கட்டில் என்ற இடத்தின் பக்கம், ஒரு ரப்பர் காட்டுக்குள் இருந்தது. குண்டுக்குப் பயந்து மரங்களின் அடியில் மறைத்து வைத்திருந்தார்கள். விமானப் பெட்ரோல் டிரம் டிரம்மாக வரும், லாரியில் போகும். எந்த ஓடுதளத்துக்கு என்று யாரும் சொன்னதில்லை. ராஜு பாங் அங்கே டிரம் உருட்டுபவர்களுக்குத் தலைவர், கொட்டகைச் சாவி அவரிடம். கண்ணாடி மிதவை பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஓகாவா தேடியபோது, என்னைக் கூட்டிப்போய் நிறுத்தியவர் அவர்தான். அந்த வேலை கிடைத்ததால்தான் சயாம் போகாமல் தப்பித்தேன்.

இருவரும் ஒரே சைக்கிளில் போவோம். டயருக்குப் பதிலாகத் தோட்டத்து ரப்பர்க் குழாயைச் சுற்றியிருந்தோம். கல்லில் ஏறினால் பல் ஆடும்.

டிரம்மின் அடியிலிருந்து மாதிரி எடுக்க ஒரு நீளமான கண்ணாடிக் குழாய் உண்டு. மேல் ஓட்டையைக் கட்டைவிரலால் மூடி உள்ளே இறக்கி, விரலை எடுத்தால் அடியில் இருப்பது ஏறிக்கொள்ளும். மறுபடி மூடி வெளியே எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் அந்தக் குழாய்க்குப் பெயரே திருடன்தான். ராஜு பாங்குக்கு அதைச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஒரு மழைக்கால முடிவில், ஓடுதளத்திலிருந்து சில டிரம்கள் திரும்பி வந்தன. அடியில் தண்ணீர். ஒரு விமானம் கிளம்பும்போதே எந்திரம் நின்று, ஓடுதளத்தின் கோடியில் போய் முட்டியதாம். ஓகாவா என்னைக் கூப்பிட்டு எல்லா டிரம்மையும் பார்க்கச் சொன்னார்.

ஒரு பகல் முழுக்கப் பார்த்தேன். கொட்டகைக்குள் இருந்த டிரம் ஒன்றில்கூடத் தண்ணீர் இல்லை. வெளியே, மர இடைவெளிகளில் வெயிலும் மழையும் படும்படி நிமிர்த்தி நிறுத்தியிருந்த வரிசையில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்தது. ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை, துருக் கலங்கலோடு. பெட்ரோலின் அளவோ குறையவில்லை.

முதல் பத்து டிரம்மிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

டிரம் மூச்சு விடும். பகலில் வெயில் பட்டு உள்ளே இருப்பது விரியும், மூடியின் இடுக்கு வழியாக ஆவி வெளியேறும். மழை பெய்து குளிர்ந்ததும் சுருங்கி, வெளியே இருப்பதை உறிஞ்சும். நிமிர்ந்து நிற்கும் டிரம்மின் தலையில் விளிம்புவரை மழைத் தண்ணீர் குளம் கட்டியிருக்கும். அதைத்தான் குடிக்கும். படுக்க வைத்தால் குளம் கட்டாது, பிரச்சினையும் இல்லை. முன்பெல்லாம் படுக்கத்தான் வைத்திருந்தோம். இடம் போதவில்லை என்று நிமிர்த்தி வைக்கச் சொன்னவர் ஓகாவா.

வெளி வரிசை, உள் வரிசை என்று பிரித்து நோட்டில் எழுதிக் கொடுத்தேன். காரணத்தை எழுதவில்லை. தவறு உங்களுடையது என்று ஒரு ஜப்பானிய அதிகாரியிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை ராணுவப் போலீஸ் வந்தது. யாரோ பெட்ரோலைத் திருடிவிட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், சாவி யாரிடம் என்று கேட்டார்கள். ராஜு பாங் கையைத் தூக்கினார். லாரியில் ஏற்றும்போது என்னைப் பார்த்தார். நான் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“தா தாவு”

அன்று சைக்கிளில் தனியாக வந்தேன். காக் மீனா வாசலிலேயே நின்றார். செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது.

“தம்பி, நீதானே பரிசோதிச்சே. அவர் எடுத்தாரா?”

“தா தாவு, காக்,” என்றேன். தெரியாது.

“தண்ணி எப்படி வந்துச்சு?”

“தா தாவு.”

அவர் அழவில்லை. “சரி, உள்ளே வந்து சாப்பிடு,” என்றார். அவித்த மரவள்ளிக்கிழங்கும் கொஞ்சம் மிளகாய்ச் சம்பலும். ராஜு பாங்கின் தட்டையும் எடுத்து வைத்திருந்தார். பழக்கம். பிறகு அதைப் பார்த்துவிட்டு எடுத்துப் போனார்.

இரண்டாம் நாள் ராணுவப் போலீஸ் இருந்த கட்டடத்துக்குப் போய்த் தெருமுனையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தார். உள்ளே விடவில்லையாம். “சத்தம் கேட்டுச்சு. அவர் குரல் மாதிரியும் இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சு,” என்றார்.

நான் பின்னறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பயம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். பிடித்துப் போனால் என் குழந்தையின் முகத்தைப் பார்க்காமலே செத்துப்போவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராஜு பாங்குக்குப் பிள்ளை இல்லை என்றும் ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் ஓகாவா ஒரு தாளை நீட்டினார். தண்ணீர் கையால் ஊற்றப்பட்டது என்று பரிசோதகர் சான்று. கீழே என் கையெழுத்து வேண்டும். அது போனால் ராஜு பாங்கின் கதை முடிந்தது.

பேனாவை வாங்கினேன். வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடிந்திருந்தது. கையெழுத்துப் போட முடியவில்லை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்று இருந்ததாகத் தோன்றியது.

“துவான், ஒரே ஒரு சோதனை. நாளைக்கு. பார்த்துவிட்டுப் போடுகிறேன்,” என்றேன்.

பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “நாளைக்கு,” என்றார்.

காக் மீனாவின் வேலியில் சங்குப் பூக்கொடி படர்ந்திருந்தது. விசேஷ நாளில் சோற்றுக்கும் பலகாரத்துக்கும் நீலம் ஏற்றப் பறிப்பார். அந்த நீலம் தண்ணீரில் கரையும், பெட்ரோலில் கரையாது. விடிந்ததும் ஒரு கை பறித்தேன். அவர் சமையல் கட்டிலிருந்து பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

நீலத் தண்ணீர்

ஊற்றினேன்.

சுடும் இரும்பில் தண்ணீர் பட்டு லேசாக ஆவி எழுந்தது. மூடியைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. உள்ளிருந்து காற்று வெளியேறுகிறது. ஓகாவா எழுந்து வந்து குனிந்தார்.

“வெளியேதான் வருகிறது,” என்றார்.

“டிரம் குளிர வேண்டும், துவான்.”

டிரம்மின் உடம்பெல்லாம் வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீரை இறைத்தேன். மழை செய்வதைத்தான் செய்தேன். குமிழிகள் குறைந்தன. நின்றன. நீலக் குளம் அசையாமல் இருந்தது. பிறகு மூடி ஓரத்தில் ஒரு சின்னச் சுழி விழுந்தது. தண்ணீர் மட்டம் இறங்கத் தொடங்கியது. யாரோ உள்ளே உட்கார்ந்து உறிஞ்சுவது போல.

கடைசித் துளி போனதும் ஓகாவாவே மூடியைத் திறந்தார். குழாயை இறக்கி எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். மேலே நிறமில்லாத பெட்ரோல், எங்கள் ஸ்டோருக்கு வந்தது சாயம் கலக்காத வகை. அடியில் மெல்லிய நீலக் கோடு.

ஓகாவா என் கையிலிருந்த குழாயை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். டிரம்களை நிமிர்த்தி வைக்கச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. குழாயைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தில் இரண்டு அறை விட்டார். பிறகு ஆட்களைப் பார்த்து, “எல்லாவற்றையும் படுக்க வையுங்கள்,” என்று கத்தினார்.

அந்தத் தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூடிகளின் வளையம் பழுது என்று வேறு அறிக்கை எழுதினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் சாயங்காலம் ராஜு பாங்கை ஒரு மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். முகத்தை வைத்து அடையாளம் தெரியவில்லை. வலது கையில் மூன்று விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. டிரம் உருட்டுகிறவருக்கு விரல்கள் மடங்காவிட்டால் வேலை இல்லை.

ஒரு தட்டுச் சோறு

டிரம்மில் நீலத் தண்ணீர் ஊற்றிய கதை ஆட்கள் வாயிலாகத் தெரு முழுக்கப் பரவிவிட்டது. காக் மீனா என் அறை வாசலில் வந்து நின்று, இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

“என் வீட்டுக்காரரை நீ திருப்பிக் கொடுத்தே, தம்பி.”

அதற்குப் பிறகு, சண்டை முடியும்வரை, வீட்டில் அரிசி கிடைத்த நாளெல்லாம் முதல் தட்டு எனக்கு வந்தது. ராஜு பாங்குக்கு இரண்டாவது. வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னைக் காட்டி ஏதோ சொல்வார்கள். கோயிலில் முன்னால் நிற்கச் சொல்வார்கள். அந்தத் தெருவில் எனக்கு அத்தனை மனிதர்கள் கிடைத்தார்கள். முன்னைவிடத் தனியாக இருந்தேன். முன்பு பேச மொழிதான் இல்லை. இப்போது மலாய் நன்றாக வந்துவிட்டது, சொல்ல முடிந்த விஷயம் இல்லை.

ராஜு பாங் என்னோடு பேசுவார். மழை வரும் போலிருக்கு, கோழி முட்டை வைத்திருக்கு, இப்படி. அறையில் கிடந்த அந்த நாட்களைப் பற்றி ஒரு சொல் வராது. சிரிப்பும் நின்றுபோயிருந்தது.

ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு, தபால் திறந்து சில வாரங்களில் சிவகாமியின் கடிதம் வந்தது. பெண் குழந்தை. நாலு வயது நெருங்குகிறதாம், அப்பா எங்கே என்று கேட்கிறாளாம். அதைப் படித்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து கொல்லைக்குப் போனேன். ராஜு பாங் மடங்காத கையால் விறகைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பிளந்துகொண்டிருந்தார்.

“பாங். தண்ணி எப்படி வந்துச்சுன்னு எனக்கு முதல் நாளே தெரியும்.”

விறகில் இறங்கிய கத்தியை அவர் எடுக்கவில்லை.

“எனக்கும் தெரியும்,” என்றார்.

“எப்படி?”

“உன் நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால போட்டாங்க. வெளி வரிசை தனியா, உள் வரிசை தனியா அழகா எழுதியிருந்தே. அத்தனையையும் நான்தான் உருட்டி வெச்சேன். பார்த்ததும் புரிஞ்சுபோச்சு. இதை எழுதின பையனுக்கும் புரிஞ்சிருக்கும்னு தெரிஞ்சுது. இன்னைக்கு வந்து சொல்லுவான், இன்னைக்கு வந்து சொல்லுவான்னு இருந்தேன்.”

“நீங்களே சொல்லியிருக்கலாமே, பாங்.”

“சொன்னேன். திருடன் சொன்னா யார் கேட்பாங்க?”

“காக்கிட்ட நான் சொல்லிடறேன்,” என்றேன்.

“வேண்டாம்.” முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. பிறகு தணிந்தது. “இந்த மூணு வருஷத்துல அவளுக்கு நன்றி சொல்ல ஒரே ஒரு ஆள்தான் கிடைச்சான். அவகிட்டேருந்து அதையும் பிடுங்கணுமா?”

உள்ளேயிருந்து காக் மீனா சாப்பிடக் கூப்பிட்டார். போய் உட்கார்ந்தோம். முதல் தட்டு எனக்கு வந்தது. சாப்பிட்டேன்.

மறு மாதம் சிங்கப்பூரில் விமான நிலைய எண்ணெய்க் கிடங்கில் வேலை கிடைத்துக் கிளம்பினேன். காக் மீனா பஸ் நிற்கும் இடம்வரை நடந்து வந்தார். வாழையிலையில் பலகாரம் கட்டிக் கொடுத்தார். பெண்ணுக்குப் போட்டுவிடு என்று ஒரு சின்ன வெள்ளி அரைஞாண், அவருக்குப் பிறக்காத பிள்ளைக்காக எப்போதோ செய்துவைத்தது, அதையும் என் பையில் திணித்தார். இன்று அவர்கள் இருவருமே இல்லை. அதனால்தான் எழுத முடிகிறது.

“பாங்குக்கு உடம்பு சரியில்லை, தம்பி. அதனால வரலை. உன்கிட்ட சொல்லச் சொன்னார்,” என்றார்.

காலையில் நான் புறப்படும்போது அவர் கொல்லையில் விறகு பிளந்துகொண்டுதான் இருந்தார். தெருமுனை திரும்பும்வரை சத்தம் கேட்டது.

“பார்த்துக்குங்க, காக்,” என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினேன்.